ஒரே வாரத்தில் வந்த இரண்டு கடிதங்கள்

அந்தப் பம்பு கம்பெனியில் அவரை எல்லோரும் 'அனெக்சர் அக்கா' என்றுதான் அழைத்தார்கள். கொள்முதல் பிரிவில் எழுத்தர். எந்த ஒப்பந்தம் மேசைக்கு வந்தாலும் முன்பக்கத்தைப் பார்க்கமாட்டார். நேராகக் கடைசியில் கோத்திருக்கும் 'அனெக்சர்' என்னும் இணைப்புப் பட்டியல்களுக்குப் போய்விடுவார். "முன்னாடி அழகழகா எழுதிருவாங்க. விஷயமெல்லாம் பின்னாடிதான் ஒளிஞ்சிருக்கும்" என்பார்.

கம்பெனியை ஒரு வெளிநாட்டு நிறுவனம் வாங்கிய வருடம், ஒப்பந்தத்தை நகலெடுக்கும் வேலை அவரிடம் வந்தது. எடுத்துக்கொண்டே படித்தார். புது நிர்வாகத்துக்கு மாறும் ஊழியர்களின் பட்டியலில் ஏழாம் பக்கத்தை அடுத்து ஒன்பதாம் பக்கம் இருந்தது. பழுதுபார்க்கும் பிரிவின் நாற்பது பேரும் எட்டாம் பக்கத்தோடு காணாமல் போயிருந்தார்கள். மேலாளரிடம் ஓடினார்.

"வக்கீலுங்க பாத்தாச்சும்மா. நீங்க நகல் மட்டும் எடுங்க."

அக்கா கேட்கவில்லை. கம்பெனி வக்கீல் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்த இடத்துக்கே போய் நின்றார்.

"சார், உங்க ஒப்பந்தத்துல நாப்பது பேரைக் காணோம்."

ஈரக் கையோடு பக்கங்களைப் புரட்டிய வக்கீலுக்கு முகம் வெளுத்துவிட்டது. அன்று மாலையே எட்டாம் பக்கம் வந்து சேர்ந்தது. கிளம்பும்போது வக்கீல் கேட்டார்: "சட்டம் எங்க படிச்சீங்க?"

"நான் வணிகவியல் சார்."

"தப்பு பண்ணிட்டீங்களே!"

விளையாட்டாகச் சொன்ன வார்த்தைதான். அக்காவை அது சும்மா இருக்கவிடவில்லை. முப்பத்துமூன்று வயதில் மாலை நேரச் சட்டக் கல்லூரியில் சேர்ந்தார். கணவர் பல் செட் செய்பவர். நாள் முழுக்க வாய் பிளந்தவர்களையே பார்ப்பதாலோ என்னவோ, இந்தச் செய்திக்கு அவர் வாய் பிளக்கவில்லை. "படி. சமையலை நான் பாத்துக்கிறேன்" என்றார். சமையல் சுமார்தான். மகளும் அக்காவும் குறை சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

பட்டம் வாங்கியபோது அக்காவுக்கு வயது முப்பத்தெட்டு. கம்பெனி சட்டத்தில் பயிற்சி கேட்டு இரண்டு இடங்களுக்கு எழுதிப் போட்டார். ஒரே வாரத்தில் இரண்டிலிருந்தும் 'வாருங்கள்' என்று கடிதம் வந்தது. ஒன்று உள்ளூரில், மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் நான்கு அறைகளில் நடந்த வக்கீல் அலுவலகம். மற்றது கடல் தாண்டி, பம்பு கம்பெனி ஒப்பந்தத்தை எழுதிய அதே பெரிய சட்ட நிறுவனம். அங்கே இரண்டு வருடம்.

அக்காவின் அண்ணன் போனில் குதித்தார். "முப்பத்தெட்டு வயசுல பெட்டி தூக்கப் போறாளா?"

"அங்க போனாலும் முப்பத்தெட்டுதான், இங்க இருந்தாலும் முப்பத்தெட்டுதான் மச்சான்" என்று சொல்லிப் போனை வைத்தார் கணவர்.

அக்கா இரண்டு இடத்திலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: முதல் ஆறு மாதம் எனக்கு என்ன வேலை?

"முதல் வாரமே கட்சிக்காரங்க முன்னாடி உக்கார வைப்பேன்" என்றார் உள்ளூர் அலுவலகத்தை நடத்திய வக்கீலம்மா. "மூணாம் மாசம் நீங்களே ஒப்பந்தம் எழுதுவீங்க. தப்பா எழுதினா கத்துவேன். கீழ கண்ணாடிக் கடை வரைக்கும் கேக்கும்."

அக்காவுக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது. படியிறங்கும்போது பாதி முடிவே செய்துவிட்டார்.

மறுநாள் காலை, சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்து வெளிநாட்டுச் சட்ட நிறுவனத்தோடு பேசினார். திரையில் இருந்த பெண் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: முதல் ஆறு மாதம் இணைப்புகளைச் சரிபார்ப்பது மட்டுமே வேலை, பெரும்பாலானவர்களுக்கு இரண்டாம் வாரமே சலித்துவிடும்.

அக்காவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கதவுக்குப் பின்னால் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த பதினான்கு வயது மகள் அதைவிட உரக்கச் சிரித்தாள். கதவு திறந்துகொள்ள, அறைக்குள் வந்து விழுந்தாள். திரையில் இருந்தவரும் காரணம் தெரியாமலே சிரித்தார். ஒரு பெரிய ஒப்பந்தத்தில் இணைப்புகள் எத்தனை பக்கம் வரும் என்று அக்கா கேட்டார். நாலாயிரம் என்று பதில் வந்தது.

"நாலாயிரமா!" கண்ணெல்லாம் விரிந்தது.

அன்று மாலை கணவரிடம் சொன்னார்: "இங்க இருந்தா சீக்கிரம் வக்கீல் ஆயிடுவேன். அங்க போனா, திரும்பி வந்து இன்னொரு பரீட்சை வேற எழுதணும். இங்க இருக்கறதுதான் புத்தின்னு தெரியுதுங்க. ஆனா நாப்பது பேரு எப்படிக் காணாம போறாங்கன்னு, அந்த மேசையிலயே உக்காந்து பாக்கணும்போல இருக்கு."

"அப்ப போ."

"என்னைக் காலைல யாரு எழுப்புவா?" மகள் குறுக்கே வந்து நின்றாள்.

"நான் எழுப்புறேன்" என்றார் அப்பா. அந்த வீட்டில் எழுப்பவே முடியாத ஆள் அவர்தான். அழ வந்தவள் சிரித்துவிட்டாள்.

வக்கீலம்மாவிடம் தயங்கித் தயங்கித்தான் சொல்ல வேண்டியிருந்தது. "கோபம்தான்" என்றார் அவர். "ஆனா நானா இருந்தாலும் போயிருப்பேன். கத்துக்கிட்டு வந்து எனக்கும் சொல்லிக்குடுங்க."

அக்கா கடல் தாண்டிப் போனார். அங்கே ஜன்னல் இல்லாத அறையில், தன்னைவிடப் பதினைந்து வயது இளையவர்களோடு உட்கார்ந்தார். முதல் மாதம் மகளோடு பேசிவிட்டு ஒருநாள் கழிப்பறையில் அழுதார். மூன்றாம் மாதம், சந்தேகம் கேட்க அவர் மேசைக்கு முன்னால் வரிசை நின்றது. பக்கங்கள் எப்படித் தொலைகின்றன என்பதும் புரிந்தது. யாரும் திருடுவதில்லை. ஆறு பேர் ஆறு விதமாகத் திருத்தி, இன்னொருவர் பார்த்திருப்பார் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொள்கிறார்கள். அவ்வளவுதான். அக்கா கடைசி ஆளாக இருந்து பார்க்கப் பழகினார்.

முதல் வருட முடிவில் கணவரும் மகளும் பார்க்க வந்தார்கள். அதற்குள் பத்தொன்பதாம் மாடிக்கு மாறியிருந்த அக்கா ஜன்னலில் நின்று கையாட்டினார். எந்த ஜன்னல் என்று கீழே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. கணவர் எதற்கும் இருக்கட்டும் என்று எல்லா ஜன்னலுக்கும் கையாட்ட, முன்பின் தெரியாத நாலைந்து பேர் பதிலுக்குக் கையாட்டினார்கள். "மானம் போச்சுப்பா" என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

இரண்டு வருடம் கழித்துத் திரும்பிய அக்கா பரீட்சையில் ஒருமுறை தவறி, மறுமுறை தேறினார். இப்போது கண்ணாடிக் கடைக்கு மேல் இருக்கும் அலுவலகத்தில் வக்கீல். தனியாக முடித்த முதல் வேலை, இரண்டு சகோதரிகள் தங்கள் அச்சகங்களை ஒன்றாக்கிய ஒப்பந்தம். கையெழுத்தானதும் இருவரும் அவரை நடுவில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். படத்தில் அக்கா கண்ணை மூடியிருக்கிறார். "பரவால்ல, இன்னொண்ணு எடுங்க" என்று அக்கா சொன்னதற்கு, "வேண்டாம் மேடம், சிரிப்பு நல்லா விழுந்திருக்கு" என்று அதையே சட்டம் போட்டு அச்சகத்தில் மாட்டிவிட்டார்கள்.