சண்டிலிப்பாய்ப் பொமரேனியனும் கனடாப் பிள்ளையும்

நாய் வைத்தியத்தில் நோயாளி எதையும் சொல்லாது. கூட வருகிறவர் சொல்லி முடிக்க மாட்டார். யாழ்ப்பாண நகரில் ஒரு தனியார் மிருக வைத்திய நிலையத்தில் பதினான்கு வருடமாக உதவியாளராக இருக்கிறேன். பொமரேனியனோடும் அதன் வீட்டுக்காரரோடும் மாரடிக்கிற என் தொழில் இனத்தவரே, சண்டிலிப்பாய் சிவராசா அண்ணையின் ஜிம்மியைப் பற்றிச் சொன்னால் உங்களுக்குத்தான் விளங்கும்.

மொட்டை

சித்திரை வெயிலில் ஒருநாள் அண்ணை கூடைக்குள் எதையோ கொண்டுவந்து மேசையில் வைத்தார். முயலா கீரியா என்று எனக்குத் தெரியவில்லை. மகள் தர்சினி வளர்த்த பொமரேனியனாம். அவள் படிக்கவென்று கனடா போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. வெக்கையில் நாய்க்கு மூச்சு இளைக்கிறதே என்று இரக்கப்பட்டு, மனுசன் கத்தரிக்கோலால் தோல் தெரிய வெட்டிவிட்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இது பனி நாட்டுப் பரம்பரை, இதன் முன்னோர் இதைவிடப் பெரிய நாய்கள், ரோமம் இரண்டு அடுக்கு, அது குளிரை மட்டுமல்ல வெயிலையும் தடுக்கும், வழித்தால் தோல் வெந்துபோகும், சிலவேளை பழையபடி முளைக்காது, சீப்பால் வாரி நிழலில் விட்டுத் தண்ணீர் வைத்தால் போதும் என்று ஒரே மூச்சில் கொட்டினேன். அண்ணை நாயின் முதுகைத் தடவினார்.

"குளிர் நாட்டுச் சாதி இஞ்சை வந்து வேகுது. வெயிலிலை வளந்த என்ரை பிள்ளை அங்கை போய் விறைக்குது. ஆர் தங்கச்சி இதுகளை மாத்தி அனுப்பினது?"

முட்டை

அடுத்த வருடம் நல்லூர்த் திருவிழா நேரம் ஜிம்மி நிற்கவே தள்ளாடியது. சாப்பாடு என்ன என்று கேட்டேன். சோறும் பருப்பும், அதையும் முகர்ந்துவிட்டுப் படுத்துவிடுமாம். கொடியேறினால் இருபத்தைந்து நாளும் வீட்டில் மீன், இறைச்சி, முட்டை என்று மச்சம் எதுவும் படாது என்பது எங்களுக்கு வழக்கம்தான். அதற்காக நாயுமா விரதம் இருக்கும்? முட்டையாவது கொடுக்கச் சொன்னார் டொக்டர். அண்ணை அசையவில்லை. கனடாவில் நிரந்தர வதிவிட அனுமதி கிடைத்தால்தான் மகள் ஊருக்கு வந்து போகலாம். அதற்காக முருகனுக்கு வைத்த நேர்த்திக்கடன், வீட்டில் ஒரு முட்டை ஓடும் உடையக் கூடாது.

நேர்த்தி உங்கள் வீட்டுக்குத்தானே, இது வைத்திய நிலையம் என்றேன். மறுநாள் தொடக்கம், வெயில் ஏறமுன், மோட்டார்சைக்கிள் கூடையில் ஜிம்மி வந்து இறங்கும். நான் கேத்திலில் முட்டை அவித்து அதற்கு ஊட்டுவேன். அண்ணை சுவரில் இருந்த மாட்டுத் தடுப்பூசிப் படத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

"தீத்துங்கோ தங்கச்சி. நான் பாக்கேல்லை. முருகனும் இந்தப் பக்கம் திரும்பான்."

கழுத்துப் பட்டி

பிறகு இருமல் வந்தது. வாத்து கத்துவது போல ஒரு சத்தம். இந்தச் சின்ன நாய்களுக்கு வயது போகப் போக மூச்சுக் குழாய் தளர்ந்துவிடும். கழுத்தில் கட்டி இழுத்தால் இன்னும் மோசம். நெஞ்சைச் சுற்றிப் பூட்டுகிற வார் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பழைய பட்டியைத் தொட அண்ணை விடவில்லை. பிள்ளை விமானம் ஏறப் போன அன்று காலை கட்டிவிட்டது அது. கடைசியில் தானே கழற்றி, முகம் துடைக்கிற லேஞ்சியில் சுற்றி வைத்துக்கொண்டார். பிள்ளை வருமட்டும் ஜிம்மி இருக்குமா என்று டொக்டரிடம் கேட்டார். டொக்டர் அவரது தோளில் கை வைத்தார்.

"நாயை நான் பாக்கிறன் அண்ணை. அனுமதி குடுக்கிற கனடாக்காரரை ஆர் பாக்கிறது?"

பொக்கற்

ஊரைவிட்டுப் போய் ஏழு வருடம் கழித்து, போன மார்கழியில், தர்சினி வந்தாள். அனுமதி கிடைத்துவிட்டது. அண்ணை ஜிம்மியை எங்களிடம் விட்டுவிட்டுக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போனார். திரும்பும் வழியில், வீட்டுக்கும் போகாமல், இரண்டு பேரும் நேரே இங்கேதான் இறங்கினார்கள். இதற்குள் ஜிம்மிக்கு இரண்டு கண்ணிலும் வெண்புரை. பார்வை போய்விட்டது என்றே சொல்லலாம்.

"ஜிம்மி!" என்று அவள் கூப்பிட்டாள். அது துடித்து எழுந்தது. வால் என்ன பாடு பட்டது! ஆனால் அவளைத் தாண்டிப் போய் அண்ணையின் காலைச் சுரண்டியது. அவர் தூக்கியதும் சட்டைப் பொக்கற்றுக்குள் மூக்கை நுழைத்து, அங்கிருந்த கைபேசியை முகர்ந்து முகர்ந்து முனகியது. ஏழு வருடமாகப் பின்னேரந்தோறும் அந்தக் குரல் அதற்குள் இருந்துதானே வந்தது. "நான் இஞ்சை நிக்கிறனடா" என்று சொல்லித் தர்சினி நிலத்தில் குந்தி அழுதாள். எனக்கும் தாங்கவில்லை. அண்ணை நாயோடு குனிந்து அவளுக்குப் பக்கத்தில் இருந்தார்.

"குறை நினையாதை பிள்ளை. நாங்களும் உன்னை உதுக்குள்ளைதான் தேடினனாங்கள்."

சட்டையில் ஒட்டிய பொமரேனியன் ரோமம் எத்தனை தரம் தோய்த்தாலும் போகாது, வந்த பிள்ளைதான் லீவு முடிந்து மூன்று கிழமையில் போய்விடும் என்பதே பதினான்கு வருடத் தொழிலில் நான் கண்டது.