ஏற்றத்தில் நின்ற வேன்

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளை ஹட்டன் நகரத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுவது அப்பாவின் பழைய வேன்தான். முழுப் பாரத்தோடு வேன் ஏறாது என்பதால், கோயிலடி ஏற்றம் வந்ததும் பெரிய பிள்ளைகள் யாரும் சொல்லாமலே இறங்கி நடப்பார்கள். மேலே போய் ஏறிக்கொள்வார்கள். பிள்ளைகளின் பெற்றோர் வேறு வேன் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். எஞ்சினைக் கழற்றி வேலை பார்க்கவேண்டும் என்று கராஜில் சொன்னார்கள். அப்பாவோ எஞ்சினுக்கு வலு கூட்டும் என்று தொலைபேசியில் வந்த விளம்பரத்தைப் பார்த்து, தீப்பெட்டி அளவு சிப் ஒன்றை வரவழைத்து ஸ்டியரிங்கின் கீழே செருகினார். அதில் பச்சை விளக்கு மினுங்கியது.

மறுநாள் ஏற்றத்தில், "எறங்கவா மாமா?" என்றாள் ஒருத்தி.

"உக்காருங்கம்மா, சிப் போட்டிருக்கு."

பாதி ஏற்றத்தில் வேன் நின்றது, பின்னோக்கி நகர்ந்தது. அப்பா ஹேண்ட்பிரேக்கை இழுத்தார்.

"சிப்புக்கும் மூச்சு வாங்குது போல!" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

பிள்ளைகள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். முன் இருக்கையில் இருந்த என்னால் அந்த முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

மாலையில் சிப்பைத் திறந்து பார்த்தேன். விளக்கை எரியவைக்கும் இணைப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. அப்பாவிடம் காட்டினேன்.

"எஞ்சின் பழக கொஞ்ச நாள் எடுக்கும்னு பெட்டியில போட்டிருக்கும்மா," என்று மீண்டும் செருகினார்.

அடுத்த வாரம் பிள்ளைகள் வேறு வேனில் போனார்கள். அப்பா என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு அந்த ஏற்றத்துக்குப் போனார். வேன் நிற்காமல் ஏறியது.

"பாத்தியா," என்றார்.

பாரம் குறைந்தபோதெல்லாம் அது ஏறியதுதான். நான் தலையசைத்தேன்.