பெயர் வெட்டிய வரைபடம்

பாரிஸில் ஒரு பெரிய சதுக்கத்துக்குக் கீழே இருக்கும் ரயில் நிலையத்தை நான் பார்க்காமலே பாடமாக்கியிருந்தேன். என் கணவர் கடிதத்தோடு படம் வரைந்து அனுப்பியிருந்தார். இரண்டு சுரங்கப்பாதைகள், நான்கு படிக்கட்டுகள், அம்புக்குறிகள். கடைசிப் படிக்கட்டின் மேலே பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி. அவர் அங்கேதான் நிற்பார். அடுத்த மாதம் நானும் நாலு வயது மகளும் ஏஜென்சி மூலம் களவாக அவரிடம் போக இருந்தோம்.

“உமக்குச் சந்தை றோட்டைக் கடக்கவே கை நடுங்கும். அங்க பிள்ளையோட துலைஞ்சுபோவீர். வடிவாப் பாடமாக்கும்,” என்று தொலைபேசியில் சிரித்தார்.

ஊர், பேர் உள்ள கடதாசி எதுவும் வீட்டில் இருக்கக்கூடாது என்று ஏஜென்சிக்காரர் சொல்லியிருந்தார். சொன்னதைச் செய்தே பழகியவள் நான். கடிதத்தை உறையோடு அடுப்பில் போட்டேன். படத்திலிருந்த நிலையத்தின் பெயரைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தேன். கெட்டித்தனம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

மறுகிழமை துறைமுகப் பக்கம் குண்டு வெடித்தது. அடுத்த நாள் நாங்கள் இருந்த லிங்கநகரில் ஆமியின் சுற்றிவளைப்பு. அலுமாரியைக் கிளறிய சிப்பாய் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் அது பிறர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு உறைத்தது. பெயரில்லாத சுரங்கங்கள், ஒரு புள்ளடி.

“இயக்கத்திட பங்கரா?”

“இல்லை சேர், கோச்சி ஓடுற றெயில் ஸ்டேசன். வெளிநாட்டில.”

“கோச்சி நிலத்துக்குக் கீழயா?” அவன் சிரித்தான். “எந்த நாடு?”

சொன்னால் பயணம் கெட்டுவிடும். சொல்லாவிட்டால்? நான் யோசித்து முடிப்பதற்குள் தாள் அவனுடைய சட்டைப்பைக்குள் போய்விட்டது. “நாளைக்கு ஒன்பது மணிக்கு ஆமிக் காம்புக்கு வாங்க.”

காம்பில் இருந்த அதிகாரிக்குத் தமிழ் நன்றாகத் தெரிந்திருந்தது. பாரிஸ், கணவர், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு வெறுந்தாளையும் பென்சிலையும் என் பக்கம் தள்ளினார்.

“மெய்யெண்டா வரைஞ்சு காட்டுங்க.”

பிழையாக வரைந்தால் பொய் என்பாரா? சரியாக வரைந்தால் என்ன நினைப்பார்? மடியில் மகள் நெளிந்துகொண்டிருந்தாள். அதற்குள் என் கை ஓர் அம்புக்குறியும் விடாமல் வரைந்து முடித்திருந்தது. சிப்பாய் கொண்டுபோன தாளையும் இதையும் அதிகாரி ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து யன்னலில் பிடித்தார். கோட்டின்மேல் கோடு விழுந்தது.

“நல்லாப் பாடமாக்கியிருக்கிறீங்க. ஆர் பாடமாக்கச் சொன்னது?”

“அவர்தான் சேர்.”

“ம்.” தாள்களை மேசை லாச்சியில் போட்டார். கையை நீட்டி என் அடையாள அட்டையை வாங்கி, அதையும் உள்ளே போட்டுப் பூட்டினார். “இது இங்க இருக்கட்டும். கூப்பிடுவம்.”

வீட்டுக்குப் போகும் வழியில் மூன்று சோதனைச் சாவடிகள். முதலாவதில் சனம் அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி நின்றது. மகளைத் தூக்கிக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றேன்.