குப்புறப் படுத்திருந்த தம்பியும் இரண்டரை அடி ரோபோவும்

தம்பிக்குக் கண் ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் காலை அந்தப் பெட்டி வந்தது. திருப்பதியில் அவன் வாடகைக்கு எடுத்திருந்த வீடு முதல் மாடியில், ஒரே அறை. டெலிவரிக்கு வந்தவர் படியேறிய களைப்பில் மூச்சு வாங்கிக்கொண்டே தெலுங்கில் ஓடிபி கேட்டார். தம்பியின் போனைப் பார்த்து நான்தான் சொன்னேன். பெட்டி வாசலில் நேராக நுழையவில்லை. நானும் அம்மாவும் சாய்த்துத் திருப்பி உள்ளே இழுத்துப் போட்டோம்.

கட்டிலில் குப்புறக் கிடந்த தம்பி தலையைத் தூக்காமலேயே கேட்டான்.

"அக்கா, ரோபோவா?"

"தெரியல. பெரிய பெட்டியா கீது."

"அதான். ஒரு வருஷமா காத்துகினு இருந்தேன்."

அம்மா சுவரோரம் போய் உட்கார்ந்தாள். "துன்ற சோத்த நிமிர்ந்து துன்ன முடியல. இப்போ பொம்ம வந்துகீது" என்றாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

தம்பிக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. பதின்மூன்று வயதிலிருந்து சர்க்கரை, தினமும் ஊசி. ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் உதிரிபாகங்களைப் பார்த்துக் கீறல் இருக்கிறதா, பிசிறு இருக்கிறதா என்று தேர்ந்தெடுக்கிற வேலை. வேலை நேரம் போக அவனுக்கு ஒரே பைத்தியம் ரோபோ பொம்மைகள். வாங்குவான், பிரிப்பான், மேசை மேல் நிறுத்தி வைத்து வீடியோ எடுப்பான். எந்த மூட்டு எவ்வளவு மடங்குகிறது, எங்கே பெயின்ட் வழிந்திருக்கிறது, கொடுத்த காசுக்குத் தகுமா என்று தமிழில் பேசுவான். அதைப் பார்க்கச் சில ஆயிரம் பேர் இருந்தார்கள். நான் சித்தூரில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவன் வீடியோ எதையும் நான் முழுதாகப் பார்த்ததில்லை. கல்யாணம் செய்துகொள்ள வேண்டிய வயதில் பொம்மையோடு பேசுகிறானே என்று எரிச்சல்தான் வரும்.

ஆபரேஷனுக்குப் பிறகுதான், ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்த நேரத்தில், அவன் கடைசியாகப் போட்ட நான்கைந்து வீடியோக்களைப் பார்த்தேன். எல்லாவற்றின் கீழும் ஒரே புகார். படம் மங்கலாக இருக்கிறது, ஃபோகஸ் சரியில்லை, கேமராவை மாற்றுங்கள் என்று எழுதியிருந்தார்கள். அவன் எல்லோருக்கும் பணிவாகப் பதில் போட்டிருந்தான், அடுத்த முறை சரிசெய்கிறேன் என்று. கேமராவில் ஒரு கோளாறும் இல்லை. இடது கண் போய் ஒரு வருஷமாகியிருந்தது. வலது கண்ணுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. வீட்டில் ஒருவரிடமும் அவன் சொல்லவில்லை. ஒரு நாள் தொழிற்சாலை பஸ்ஸில் இருந்து இறங்கும்போது படி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் விழுந்தான். உடன் வேலை செய்பவர்கள் போன் செய்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

கண்ணுக்குள் பின்பக்கம் இருக்கும் திரை கிழிந்து உரிந்துவிட்டது என்றார்கள். அதை ஒட்டவைத்து, அது அசையாமல் இருக்க உள்ளே வாயு நிரப்பியிருந்தார்கள். அந்த வாயுக் குமிழி சரியான இடத்தில் அழுத்த வேண்டுமானால் பத்து நாள் முகம் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும். படுத்தாலும், உட்கார்ந்தாலும், சாப்பிட்டாலும், பாத்ரூம் போனாலும் அப்படித்தான். பத்து நாள் கழித்து ரிவ்யூவுக்கு வரச் சொன்னார்கள்.

அம்மா டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் மறுநாளே மலைக்கு வந்து முடி கொடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டிருந்தாள். பையனையும் கூட்டிக்கொண்டு போகலாமா?

டாக்டர் பதறிப்போனார். "கொண்டக்கி வெள்ளகூடதம்மா" என்று, மலைக்குப் போகவே கூடாதென்று, தெலுங்கில் இரண்டு தடவை அழுத்திச் சொன்னார். மேலே ஏற ஏறக் கண்ணுக்குள் இருக்கும் வாயு விரியும், உள்ள கண்ணும் போய்விடும், வாயு முழுக்கக் கரையும்வரை மலைப்பக்கமே போகக்கூடாது என்றார். அம்மாவுக்கு அந்தக் கணக்கு புரியவில்லை. சாமியே வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகத்தான் எடுத்துக்கொண்டாள். மாடிப்படியில் நின்றால் மலை தெரியும். அந்தப் பக்கம் பார்ப்பதையே நிறுத்திவிட்டாள்.

அம்மா நகர்ந்த பிறகு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நைந்த துணியைத் தைப்பது போலத்தான் தைத்திருக்கிறோம் என்றார். வெளிச்சம் தெரியும், ஆள் நடமாட்டம் தெரியும். படிப்பது, சின்னச் சின்னதைப் பார்ப்பது எல்லாம் திரும்ப வருமென்று எதிர்பார்க்காதீர்கள் என்றார். நான் தலையாட்டினேன். அறைக்குள் வந்து, "எல்லாம் நல்லா ஆயிருச்சாம்" என்று இரண்டு பேரிடமும் சொன்னேன். அவர்கள் நம்பினார்கள் என்றுதான் நினைத்தேன்.

பெட்டி வந்த அன்று மத்தியானம் தம்பி கேட்டான்.

"அக்கா, ரிவ்யூ வீடியோ எடுக்கணும். நீ எடுக்கிறியா?"

"எனக்கு இன்னாடா தெரியும்?"

"தெரிய வேணாம். கண்ணுக்குத் தெரியறத சொல்லு. போனை ஸ்டாண்டுல வெச்சுட்டு பேசு. நான் கேக்கற கேள்விக்கு பதில் சொல்லு, போதும். வந்தவொடனே போடறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிகீறேன்."

அவனை பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்காரவைத்து, கட்டில் விளிம்பில் மடித்த துண்டை வைத்து, அதில் நெற்றியைச் சாய்க்கவைத்தேன். கைகள் இரண்டும் தொடைமேல் கிடந்தன. நான் தரையில் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்தேன். தெர்மோகோல் அடுக்குகளுக்குள் கால் தனி, உடம்பு தனி, தலை தனி. மாற்றி மாற்றி மாட்ட உள்ளங்கைகள் மட்டும் ஆறு ஜோடி. ஒவ்வொன்றாக எடுத்துப் பொருத்தச் சொன்னான். கால் மூட்டை மடக்கும்போது கடக் கடக் என்று சத்தம் வந்தது.

"எத்தன சத்தம்? எண்ணு."

"ஏழு."

"ஏழா? நல்லா மடங்குது. இடுப்பு?"

எண்ணுவது எனக்கு வந்தது. நிறம் கேட்டபோதுதான் மாட்டிக்கொண்டேன்.

"இன்னா செவப்பு?"

"செவப்புதான்."

"குங்குமமா, மொளகாவா?"

"மொளகா."

"புது மொளகாவா, போன வருஷத்து மொளகாவா? வெளிச்சத்துல திருப்புனா மினுக்குதா, இல்ல மொத்தமா ஒரே மாதிரி கீதா?"

நான் ஜன்னல் பக்கம் திருப்பினேன். மினுக்கியது மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன், கண்ணெதிரே இருக்கும் ஒரு பொருளின் நிறத்தைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. எதையோ சொன்னேன். அவன் துண்டுக்குள் முகத்தை வைத்தபடி "ம்" என்றான். அந்த "ம்"மில் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

கடைசியில் தலை. நெற்றியில் இரண்டு கொம்பு பொருத்த வேண்டும். விரல் நீளம், நுனி கூர்மை. முதல் கொம்பு உள்ளே போய்விட்டது. இரண்டாவது போகவில்லை. கொஞ்சம் அழுத்தினேன். படக் என்று அடியோடு முறிந்தது. அடிமுனை துளைக்குள்ளேயே சிக்கிக்கொண்டது.

போன் பதிவு செய்துகொண்டே இருந்தது. அம்மா பார்த்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னா சத்தம்?"

"மாட்டிகிச்சு."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

"டைட்டா கீதா?"

"நல்லா டைட்டா கீது" என்றேன். முறிந்த கொம்பை முந்தானையில் முடிந்துகொண்டேன். ரோபோ ஒற்றைக் கொம்போடு நின்றது. கேமராவுக்கு அந்தப் பக்கம் தெரியாமல் கொஞ்சம் திருப்பிவைத்து, அருமையாக இருக்கிறது, குறையே இல்லை என்று பேசி முடித்தேன். அன்று சாயங்காலம் கடைவீதிக்குப் போய் இரண்டு வகைப் பசை வாங்கி வந்து ஒட்டிப் பார்த்தேன். சத்தம் கேட்டுவிடுமோ என்று மூச்சை அடக்கிக்கொண்டு ஒட்டினேன். நிற்கவில்லை. வெள்ளையாகப் படிந்து இன்னும் அசிங்கமானதுதான் மிச்சம்.

மறுநாள் காலை ஊசி போட்டு இட்லி ஊட்டிய பிறகு தம்பி சொன்னான். "தலைய கழட்டி என் கையில குடு. தொட்டுப் பாக்கறேன்."

"அப்புறம் பாக்கலாம்டா. குனிஞ்சுகினே இருந்தா வலிக்கும்."

"குனிஞ்சுகினுதானே கீறேன். குடு."

கொடுத்தேன். வேறு வழியில்லை. அவன் விரல்கள் அந்தத் தலையின் மேல் மெதுவாக நடந்தன. முகவாய், கண் குழி, நெற்றி. முதல் கொம்பைத் தடவின. அடுத்த பக்கம் போயின. அங்கேயே நின்றன. காய்ந்த பசையை நகத்தால் சுரண்டினான்.

"ஒடஞ்சே வந்துச்சா?"

"இல்ல. நான்தான்."

"நேத்தே ஒடஞ்சிச்சா?"

"ஆமா."

அவன் கோபப்படவில்லை. ரோபோவின் தலையை மடியில் வைத்துக்கொண்டான். தரையைப் பார்த்தபடியே கேட்டான்.

"டாக்டர் உன்னத் தனியா கூப்ட்டுகினு போனாரே. நல்லா ஆயிருச்சுன்னுதான் சொன்னாரா?"

அம்மா அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை நிறுத்தினாள்.

என்ன சொன்னாலும் அவன் என் முகத்தைப் பார்க்கப்போவதில்லை. பொய் சொல்ல அதைவிடச் சுலபமான நேரம் எனக்குக் கிடைக்காது. ஆனால் முடியவில்லை. டாக்டர் சொன்னதைச் சொன்னேன். வெளிச்சம், ஆள் நடமாட்டம், படிக்க முடியாது என்பது வரை எல்லாம் சொன்னேன். என் குரல் வகுப்பில் கணக்கு வாசிப்பது மாதிரி இருந்தது. அப்படி வாசித்திருக்காவிட்டால் நடுவில் நின்றுபோயிருப்பேன்.

அம்மா வந்து அவன் முதுகில் கைவைத்தாள். அவன் முதுகு குலுங்கியது. அழக்கூடாது, கண்ணுக்கு ஆகாது என்று சொல்லியிருந்தார்கள். அழாதே என்று சொல்ல என்னால் முடியவில்லை. அவனைக் கட்டிப்பிடிக்கலாம் என்றால் தலை நிமிரக்கூடாது. நானும் தரையில் உட்கார்ந்து, ஸ்டூலுக்குக் கீழே போய், அண்ணாந்து அவன் முகத்தைப் பார்த்தேன். ஒரு கண்ணில் கட்டு. இன்னொரு கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. மூக்கு நுனியிலிருந்து கண்ணீர் சொட்டி என் கன்னத்தில் விழுந்தது.

கண்ணீர் நின்ற பிறகு கேட்டான்.

"வீடியோவ போட்டுட்டியா?"

"இல்ல."

"திரும்ப எடு. கொம்பு ஒடஞ்சத சொல்லு. மெல்லிசா கீது, அழுத்துனா ஒடையும்னு சொல்லு. வாங்கறவன் தெரிஞ்சுகினு வாங்கட்டும்."

திரும்ப எடுத்தோம். இந்த முறை முறிந்த கொம்பைக் கேமரா முன்னால் காட்டினேன். நிறம் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். பசை பட்ட இடத்தையும் காட்டினேன். பேசுவது யார் என்று முதலிலேயே சொல்லச் சொன்னான். அக்கா என்றேன். உங்கள் தம்பி எங்கே என்று கேட்பார்களே என்றதற்கு, "கண் ஆபரேஷன்னு சொல்லு. அதுக்கு மேல வேணாம்" என்றான். கீழே வந்த பதில்களைப் பிறகு அவனுக்குப் படித்துக் காட்டினேன். சிலர் கிண்டல் செய்திருந்தார்கள். ஒருவர், இதே கொம்பு தன்னிடமும் உடைந்தது, சொன்னதற்கு நன்றி என்று எழுதியிருந்தார். அதை இரண்டு தடவை படிக்கச் சொன்னான்.

பத்தாம் நாள் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்து, திரை ஒட்டியிருக்கிறது, தலையை நிமிர்த்தலாம் என்றார். தம்பி நிமிர்ந்தபோது கழுத்து நிற்கவில்லை. நான் பிடித்துக்கொண்டேன். வாயு கரையக் கரைய, கொஞ்ச நாளில் பார்வையின் மேல்பக்கத்தில் ஒரு கீற்று தெளிந்தது. உள்ளே தண்ணீர் மட்டம் மாதிரி ஒரு கோடு ஆடுவதாகவும், தினமும் அது கொஞ்சம் கீழே இறங்குவதாகவும் சொன்னான். அது முழுக்க இறங்கினால் என்ன தெரியும் என்று எங்கள் மூன்று பேருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தது. ஆனாலும் தினமும் காலையில் அம்மா கேட்பாள், "இன்னிக்கு எவ்ளோ எறங்கிச்சு?"

கோடு இறங்கி முடிந்தது. டாக்டர் சொன்னதுதான் நடந்தது. நான் எதிரில் நின்றால் யாரோ நிற்கிறார்கள் என்று தெரியும், யார் என்பது பேசினால்தான் தெரியும். வேலைக்குத் திரும்பக் கூப்பிடவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அறையைக் காலிசெய்து சித்தூருக்குக் கூட்டி வந்துவிட்டேன்.

இப்போது போனைப் பேசவைத்துக் கேட்கப் பழகிக்கொண்டிருக்கிறான். திரையில் இருப்பதையெல்லாம் ஒரு குரல் வாசிக்கிறது. அவன் அதை எவ்வளவு வேகத்தில் வைத்திருக்கிறான் என்றால் எனக்கு ஒரு வார்த்தை பிடிபடுவதில்லை, மழை கொட்டுகிற மாதிரிதான் கேட்கிறது. நேற்று நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது அந்தக் குரல் மளமளவென்று எதையோ சொன்னது. அவன் சிரித்தான்.

"இன்னாடா சொல்லுது?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல, நீ திருத்து" என்றான்.