கண்மாய்க்கரையில் ஏறி அமுக்கிய பட்டன்

இன்று திருச்சுழி பஸ்ஸில் பாண்டியம்மாள் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நரிக்குடிப் பக்கம் விவசாயம்.

மழை பெய்தால் ஊரே ஒரே நாளில் உழவுக்கு டிராக்டர் கேட்கும். அதனால் டிராக்டரை வாடகைக்கு விடும் என் பெரியப்பா, நான் எழுதிய ஆப்பில் பதிந்த வரிசைப்படிதான் வண்டி அனுப்புகிறார். அக்கா அதில் புதிது.

போன வாரம் மழைக்கு மறுநாள் போன் செய்து, பட்டனை அமுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை என்றார். "ஒங்க ஊர்ல டவர் இல்லக்கா" என்று முடித்துவிட்டேன்.

தப்பு டவர் மேல் இல்லை. புதியவர்களுக்கான பட்டனிடம், ஜாவாஸ்கிரிப்ட் கிளாஸில் இருந்த ஃபங்ஷனை பைண்ட் செய்யாமல், அதாவது அந்த கிளாஸோடு சேர்த்துக் கட்டாமல், கொடுத்திருந்தேன். பட்டன் கூப்பிடும்போது ஃபங்ஷனுக்குள் இருக்கும் ‘திஸ்’ என்ற சொல், பட்டியல் இருக்கும் என் கிளாஸைக் காட்டாது. பதிவுப் பட்டியல் கிடைக்காமல் அப்படியே நின்றுவிடும். நான் சோதித்தபோது பட்டனை அமுக்கவே இல்லை, ஃபங்ஷனை நேராக ஓட்டிப் பார்த்தேன். நேற்றுதான் கண்டுபிடித்து, ஒரே வரியில் சரிசெய்தேன்.

"மூணு நாளா கம்மாக்கரை மேல ஏறி நின்னு அமுக்குனேன் தம்பி. நேத்துதான் டவரு வந்து பதிவாச்சு."

"உழுதாச்சாக்கா?"

"எங்க? அதுக்குள்ள ஈரம் காஞ்சுபோச்சு. இனி அடுத்த மழைக்குத்தான். அந்த டவர்காரன் நல்லா இருப்பானா?"

"இருக்க மாட்டான்க்கா" என்றேன்.

பைண்ட் செய்ய மறந்தவர்கள் கீழே கமென்ட்டில் கை தூக்குங்கள். மறந்துவிட்டு டவர்காரனைத் திட்டு வாங்க வைத்தவர்கள் வேறு யாராவது உண்டா?