டேங்க் மூடியில் வெல்லம்

டீசலை நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு இருந்தது. யாரும் கற்றுக்கொடுத்ததல்ல, நானே வளர்த்துக்கொண்ட பந்தா. மண்ணெண்ணெய் கலந்திருந்தால் நாக்கு விறுவிறுக்கும், தண்ணீர் இருந்தால் சப்பென்று இருக்கும் என்று வண்டிக்காரர்களிடம் அளப்பேன். பாதி உண்மை, பாதி புளுகு. கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் போகும் சாலையில் ஒரு தகரக் கொட்டகையில் பட்டறை வைத்திருந்தேன். வயது இருபத்தெட்டு. என் கை பட்ட வண்டி திரும்பி வராது என்ற திமிர் தலைக்கேறியிருந்த காலம். அந்த நாக்கை அறுத்துப் போட்டிருக்கலாம் என்று பிறகு எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்தில் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிடுவார்கள். போலீஸ் வந்து மரத்தை இழுத்துப் போடும். மறுநாள் வேறு இடத்தில் வேறு மரம் கிடக்கும். கோரிக்கை நியாயம்தான். நானும் அந்த ஜனம்தான், ஊர்வலத்தில் போய்க் கத்தியிருக்கிறேன். ஆனால் அந்த மாதங்களில் ஊருக்கும் காலனிக்கும் பேச்சு நின்றுபோனது. சில இடங்களில் கூரைகள் எரிந்தன. நேற்றுவரை ஒரே களத்தில் நெல் அடித்தவர்கள் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு போனார்கள்.

நான் சொல்லவந்த வண்டி பத்து வருஷப் பழைய டீசல் வேன். அதன் சொந்தக்காரர் ஒரு கரும்பு விவசாயி. எனக்கு உறவு ஒன்றுமில்லை, ஆனாலும் நான் மாமா என்பேன், அவர் மாப்ளே என்பார். ஒரே ஜனம் என்றால் அப்படித்தான். வேனை ஓட்டியவர் காலனிக்காரர். பதினைந்து வருஷமாக மாமாவின் டிராக்டரும் வேனும் அவர் கையில்தான். என்னைவிடப் பன்னிரண்டு வயதாவது மூத்தவர். அவர் என்னை “வாங்க மேஸ்திரி” என்பார். நான் அவரை “வாப்பா” என்பேன். அப்போது அது எனக்கு உறுத்தியதே இல்லை.

ஒருநாள் காலை வேன் சர்வீசுக்கு வந்தது. ஏர் கிளீனரைக் கழற்றிக் கழுவினேன். அதைக் கழற்றினால் எஞ்சினுக்குக் காற்றுப் போகும் தடித்த ரப்பர் குழாய் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். மண் விழாமல் இருக்க அதில் ஒரு துணியைத் திணித்து வைப்பது வழக்கம். என் மனைவியின் பழைய சுங்குடிச் சேலையைத்தான் பட்டறைத் துணியாகக் கிழித்து வைத்திருந்தேன். அதில் ஒரு துண்டைத் திணித்தேன். கிளீனரைத் திரும்ப மாட்டப் போகும் நேரத்தில் தெருமுனையில் கூச்சல். கல் பறந்தது. பின்னாலேயே லத்தியோடு போலீஸ் ஓடிவந்தது.

“மேஸ்திரி, சீக்கிரம் மூடுங்க. கண்ணாடிய ஒடைச்சிடப் போறானுங்க” என்று டிரைவர் பதறினார். கிளீனரை வைத்து, கிளிப்பை மாட்டி, பானட்டைச் சாத்தினேன். அவர் வேனைப் பக்கத்துச் சந்தில் விட்டு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். நான் தட்டியைச் சாத்திவிட்டு உள்ளே பதுங்கிக்கொண்டேன். குழாய்க்குள் வைத்த துணியை எடுத்தேனா இல்லையா என்ற யோசனை அன்றும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை.

சாலை அடைபட்டதால் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு போக வழியில்லை. வெட்டிப் போட்ட கரும்பு காய்ந்துகொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் மாமா கொல்லையில் கொப்பரை வைத்து வெல்லம் காய்ச்சினார். கல்வராயன் மலைப்பக்கச் சாலையில் மட்டும் அப்போது மரம் விழவில்லை. வெள்ளிமலைக் கடைகளுக்குக் கொடுக்கலாம் என்று வேன் நிறைய வெல்ல மூட்டைகளை ஏற்றி அனுப்பினார். இரண்டு வாரமாகச் சும்மா நின்ற வண்டி அடிவாரம்வரை ஒழுங்காகத்தான் போயிருக்கிறது. ஏற்றத்தில் மூன்றாவது வளைவில் திணறி நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் விட்டு ஸ்டார்ட் செய்தால் கிளம்பும், பத்தடி ஏறினால் நிற்கும். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய்க்குள் தண்ணீர் இறங்கி, பாதி மூட்டை கரைந்து தரையெல்லாம் பாகாக ஓடியது. டிரைவர் அதையெல்லாம் கையால் அள்ளித் தள்ளிவிட்டு, இறக்கத்தில் உருட்டியே வண்டியைக் கீழே கொண்டுவந்தார்.

மறுநாள் காலை மாமா, அவர் தம்பி, டிரைவர் மூவரும் வேனோடு பட்டறைக்கு வந்தார்கள். மாமாவின் முகம் கறுத்திருந்தது. ஒரு கொல்லைக் கரும்பு மலைரோட்டில் ஒழுகிப் போயிருந்தது, கறுக்காமல் என்ன செய்யும்.

அந்தக் கால டீசல் பம்ப்பின் பின்னால் ஒரு வட்ட டப்பா இருக்கும். அதற்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு தோல். எஞ்சின் எப்படிக் காற்றை இழுக்கிறது என்பதை ஒரு மெல்லிய குழாய் வழியாக அந்தத் தோல் உணர்ந்து, அதற்குத் தகுந்தபடி டீசலைக் கூட்டும், குறைக்கும். இன்றைய வண்டிகளில் கிட்டத்தட்ட அந்த வேலையைத்தான் ஏர்ஃப்ளோ சென்சார் என்கிறார்கள். பையன்கள் ஒயரைச் சொருகிவிட்டுத் திரையைப் பார்த்து, சென்சார் போச்சு, மாத்தணும் என்கிறார்கள். எங்களுக்குத் திரை எங்கே இருந்தது? குழாயின் நுனியை வாயில் வைத்து உறிஞ்சி, நாக்கால் அடைத்துப் பார்ப்போம். தோல் கிழிந்திருந்தால் இழுத்த காற்று நிற்காமல் கசியும். நான் உறிஞ்சிப் பார்த்தேன். நின்றது. தோல் நன்றாகத்தான் இருந்தது.

தோல் நன்றாக இருந்தும் எஞ்சினுக்கு டீசல் குறைகிறது என்றால் இரண்டே காரணம்தான். ஒன்று, காற்று வரும் வழி அடைத்திருக்க வேண்டும். அல்லது டேங்கிலிருந்து டீசல் வரும் வழி அடைத்திருக்க வேண்டும். இது எனக்குத் தெரியும். அன்றும் தெரியும்.

டிரைவர் மெதுவாகச் சொன்னார்: “ஏத்தத்துல காத்து இல்லாத மாதிரி அடைச்சிக்கினு நிக்குதுங்க மேஸ்திரி. ஏர் கிளீனர ஒருக்கா தொறந்து பாக்கலாங்களா?”

எனக்குச் சுருக்கென்றது. “அத நான் கழுவி மாட்டி இருவது நாளு ஆவல. எனக்கே வேல கத்துக் குடுக்கறியா?” என்று எரிந்து விழுந்தேன். மாமா முன்னால் ஒரு காலனி டிரைவர் என் வேலையில் குறை சொல்லிவிட்டான் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதை மறைப்பதில் இப்போது என்ன பயன்.

நேராக டேங்குக்குப் போனேன். மூடியைத் திருகிக் கழற்றினேன். பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. விரலை நாக்கில் வைத்தேன். மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிய வித்தைக்காரன் மாதிரி ஒரு நொடி நிறுத்திவிட்டுச் சொன்னேன்:

“இனிக்குது மாமா.”

முந்தின நாள் பாகை அள்ளிய கையோடு டீசல் குறைவோ என்று அந்த மூடியைத் திறந்து கேனிலிருந்து ஊற்றிப் பார்த்தவர் டிரைவர். ஸ்டீயரிங்கை நக்கியிருந்தாலும் இனித்திருக்கும், கதவுப் பிடியை நக்கியிருந்தாலும் இனித்திருக்கும். அதை யோசிக்க அங்கே யாருக்கும் பொறுமை இல்லை. வெல்லத்தை டேங்கில் போட்டால் எஞ்சின் படுத்துவிடும் என்று எங்கள் கரும்புக்காட்டில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். மாமாவின் தம்பி டிரைவரின் சட்டையைப் பிடித்தார்.

“ஏன்டா, எங்க வூட்டுச் சோத்தத் தின்னுட்டு எங்க வண்டிலயே வெல்லத்தப் போடறியா? எவன்டா சொல்லிக் குடுத்தான், உங்காளுங்களா?”

“ஐயோ, இல்லீங்க. சத்தியமா நான் இல்லீங்க.”

மாமா டேங்கைக் காலி செய்யச் சொன்னார். டீசலை டின்னில் பிடித்தேன். சுத்தமாக இருந்தது. அடியில் ஒரு துகள் இல்லை. வெல்லம் டீசலில் கரையாது, போட்டிருந்தால் அடியில் கட்டியாகக் கிடந்திருக்கும். “ஒண்ணும் காணமே மாப்ளே?” என்றார் மாமா. “கரைஞ்சிருக்கும் மாமா” என்றேன். சொன்ன சொல்லைத் திரும்ப விழுங்க எனக்கு வராது. அதைவிட டிரைவரை விழுங்கக் கொடுப்பது சுலபமாக இருந்தது.

மாமாவின் தம்பி என் பட்டறை டின்னிலேயே அந்த டீசலை மொண்டார். “இனிக்குதுன்னு மேஸ்திரி சொல்றாரு. நீ குடிச்சிச் சொல்லு” என்றார். டிரைவர் மாமாவைப் பார்த்தார். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் குடித்தார். இரண்டாவது வாயில் புரையேறி, மூக்கிலும் வாயிலுமாகக் கொட்டியது. குனிந்து இருமினார். இருமல் நிற்கவில்லை. கண் மேலே செருகிக்கொண்டது. “போடா, இனிமே வண்டிப் பக்கம் வந்தா பாரு” என்று தம்பி நெட்டித் தள்ளினார். சாலையைக் கடந்து போகும்வரை அந்த இருமல் கேட்டுக்கொண்டே இருந்தது.

நான் பில்டரை மாற்றினேன், வேறு டீசல் ஊற்றினேன். சமதரையில் ஓட்டிப் பார்த்தால் வண்டி ஜோராகப் போனது. மாமா என் தோளில் தட்டிக் கொடுத்தார்.

எட்டே நாளில் வேன் திரும்பி வந்தது. இந்த முறை மாமாவின் தம்பி ஓட்டிப்போனபோது அதே மலையில் அதே மாதிரி நின்றிருந்தது. வண்டியை விட்டுவிட்டு அவர் சாப்பிடப் போனார். நான் தனியாக ஏர் கிளீனரைத் திறந்தேன். குழாய்க்குள் விரலை விட்டேன். வளைவில் துணி தட்டுப்பட்டது. இழுத்தேன். கறுத்துப்போன சுங்குடிப் புள்ளிகள். வண்டி சும்மா ஓடும்போது அது அகலமான இடத்தில் கிடந்திருக்கிறது. ஏற்றத்தில் எஞ்சின் பலமாக இழுக்கும்போது போய் வாயை அடைத்திருக்கிறது. காற்று அடைத்ததும் தோல் தன் வேலையைச் சரியாகச் செய்து டீசலைக் குறைத்திருக்கிறது. வண்டியில் ஒரு பழுதும் இல்லை.

தம்பி வருகிறாரா என்று தெருவை எட்டிப் பார்த்தேன். அந்தத் துணியைப் பக்கத்து டீக்கடை அடுப்பில் கொண்டுபோய்ப் போட்டேன். “டேங்குல மிச்சம் ஒட்டிக்கினு இருந்துச்சு, இப்ப சுத்தமா போயிடுச்சு” என்று மாமாவின் தம்பியிடம் சொன்னேன். அதன்பிறகு அந்த வேன் எந்த ஏற்றத்திலும் நின்றதில்லை.

ஒரு மாதம் கழித்து டிரைவர் பட்டறைக்கு வந்தார். நெஞ்சுக்குள் டீசல் இறங்கிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். பத்தடி நடந்தால் நின்று மூச்சு வாங்கினார். சாலையோரமாகவே நின்றார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து ஸ்பானரை இறுகப் பிடித்தேன்.

“வண்டி இப்ப ஏறுதுங்களா மேஸ்திரி?”

“ஏறுது.”

“இன்னா கோளாறுங்க அது? நெசமாவே வெல்லந்தானா? நீங்க சொன்னா நான் நம்பிக்கிறேன். உங்களுக்குத் தெரியாதது இல்ல.”

சாலையில் அப்போது யாருமில்லை. மாமா இல்லை, அவர் தம்பி இல்லை. அந்த ஒரு கேள்விக்காகத்தான் அந்த மனிதர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு தூரம் வந்திருந்தார்.

“ஆமா, வெல்லந்தான்” என்றேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. தலையை ஆட்டிக்கொண்டார். “நான் போடல. அப்ப வேற எவனோ போட்டுருக்கான்” என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, “மலைக்குப் போறதுக்கு மொத நாளு என் மச்சான்தான் வண்டி கழுவுனான். போராட்டத்துல அவன் கூரை எரிஞ்சிச்சு. ஆத்திரத்துல இருந்தான்” என்றார். மச்சான் என்றது மனைவியின் கூடப்பிறந்தவரை. அது வெல்லமே இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். அப்போதும் சொல்லவில்லை. “வரேங்க மேஸ்திரி” என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அடுத்த மழைக்காலம் அவர் தாங்கவில்லை. செத்துப்போன அன்று நான் வேறு வேலையாக மோட்டார் சைக்கிளில் அந்த ஊர் வழியாக வந்தேன். காலனி முனையில் பறை கேட்டது. நின்றேன். தாலியறுக்கும் பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச்சேலை வர வேண்டும், கூடப்பிறந்தவன் கொண்டுவந்து போர்த்த வேண்டும். அந்த மச்சான் புதுச்சேலையை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு தெருமுனையில் நின்றார். டிரைவரின் மூத்த மகன் அவரை உள்ளே விடாமல் மறித்துக்கொண்டிருந்தான்.

“வெல்லத்தப் போட்டு எங்கப்பன சாவடிச்சிட்டுக் கோடி கொண்டாந்தியா? எங்கம்மாவுக்கு உன் கோடி வாணாம், போயிடு.”

“நான் போடலடா. எம் புள்ளைங்க மேல சத்தியமா நான் போடலடா.”

இருபதடி தூரத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். அது என் துணி என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தச் சேலை உள்ளே போயிருக்கும். வண்டியை உதைத்துக் கிளப்பினேன். எஞ்சின் சத்தத்தையும் மீறி அவர் மறுபடி சத்தியம் செய்வது பின்னால் கேட்டது.