பிளக்கில் பரமன் வைத்த பொட்டு

பரமன் இறந்துபோன செய்தியைச் சங்கத்துக் காவல்காரன் முருகேசன்தான் கொண்டுவந்தான். நான் வாசலில் உட்கார்ந்து பத்திரிகையின் பெரிய எழுத்துகளைக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். அவன் சைக்கிளிலிருந்து இறங்காமல் ஒரு காலை மட்டும் ஊன்றிக்கொண்டு, "மாமா, மோட்டார்க்காரக போயிட்டாக" என்றான். காலையில் மார்க்கையன்கோட்டையில் அவருடைய வீட்டில் காப்பியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாராம். அவ்வளவுதான்.

"பட்டுன்னா, இழுத்தா?" என்று கேட்டேன்.

"பட்டுன்னு."

அந்தக் கேள்வியே பரமனுடையதுதான். வைகை அணையில் எங்கள் மீன்பிடிச் சங்கத்துப் படகின் மோட்டார் எப்போது நின்றாலும் அவர் முதலில் கேட்பது அதுதான். பட்டென்று நின்றால் கரண்டில் கோளாறு. இருமி, இழுத்து இழுத்து நின்றால் பெட்ரோலில் கோளாறு. "இதக் கேக்காம ஸ்பேனர எடுத்தா பயந்தான் கூடும்" என்பார்.

அவரோடு சங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவரைத் தெரியாதவர்களுக்கும் விளங்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து எழுதுகிறேன். முதியோர் வகுப்பில் நான் எழுத்துப் படித்து ஒரு வருஷம்தான் ஆகிறது. ஒரு பக்கம் முடிவதற்குள் ஒரு பொழுது போய்விடுகிறது. ஆனாலும் பரமன் என்ற பெயர் என் கையிலிருந்து இறங்கித் தாளில் உட்காரும்போது, இந்தத் துக்கத்திலும் ஒரு சந்தோஷம் வருகிறது. அதை மறைக்க எனக்குத் தெரியவில்லை.

பரமன் வயல்காட்டில் பம்புசெட் மோட்டார் பார்த்துக்கொண்டிருந்தவர். சங்கத்தில் படகுக்குப் பின்னால் மாட்டுகிற மோட்டார் வாங்கியபோது அதைப் பார்த்துக்கொள்ளவும் ஓட்டவும் அவரைக் கூட்டிவந்தார்கள். நான் அந்தப் படகில் வலை இழுப்பவன். அவருக்கு நீச்சல் தெரியாது என்பது வந்த மறுநாளே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. படகில் ஏறுமுன் கரையில் நட்டிருக்கும் போர்டின் முன் நின்று, "ஆழமான பகுதி. இறங்காதே" என்று சத்தமாகப் படிப்பார். தினமும் படிப்பார். அப்போது எனக்கு அது வெறும் மஞ்சள் தகடு.

"இந்த மோட்டார் இடுப்பு வரைக்கும் தண்ணியில நிக்குது மாமா. மேல இருக்க தலைக்குள்ள தீப்பொறி விடாம எரியணும். நெனச்சாலே வயித்தக் கலக்குதுல்ல?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டார். இருபது வருஷமாகத் தண்ணீரில் கிடந்த எனக்கு அன்றுதான் முதல்முறையாக வயிற்றைக் கலக்கியது.

கரைக்குத் திரும்பும் வழியில் ஒரு வளைவு உண்டு. அணை கட்டியபோது முங்கிப்போன கருப்புசாமி கோயில் அதற்கடியில் கிடக்கிறது என்று சொல்வார்கள். ஒரு வாரமாக மோட்டார் சரியாக அங்கேயே நின்றது. போகும்போது நிற்காது, வரும்போதுதான் நிற்கும். மோட்டாரைக் கிளப்புகிற கயிற்றை இழுத்தால் மறுபடி ஓடும். மீன் வாங்கி விற்கிற பாண்டியம்மாள் தண்ணீரில் ஒரு தேங்காயை உடைத்துப் போட்டுவிட்டு, "கருப்பு மறிக்காரு. அவுகளுக்கு என்ன கொற வச்சீகளோ" என்றாள். பரமன் தண்ணீரைப் பார்த்துக் கும்பிட்டார். ஆனால் சொன்னார்: "கருப்பே மறிச்சாலும் கரண்டத்தான் மறிக்காரு. பட்டுன்னு நிக்கிதுல்ல."

மறுநாள் மோட்டாரைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுவந்து, தண்ணீர் நிரப்பிய டிரம்மில் இறக்கி ஓடவிட்டார். கைப்பிடியை ஒருபக்கம் திருப்பினார், ஓடியது. மறுபக்கம் திருப்பினார், நின்றது. மோட்டாரை நிறுத்துகிற பொத்தானுக்குப் போகும் ஒயர் கைப்பிடிக்குள் உரசி உரசித் தோல் உரிந்திருந்தது. படகை இடதுபக்கம் திருப்பும்போது அது இரும்பில் பட்டது. படுகிற நிமிஷம் பொத்தானை அழுத்தியதுபோல மோட்டார் நின்றது. அந்த வளைவில்தான் நாங்கள் இடதுபக்கம் திரும்புவோம்.

எல்லாரும் சிரித்தோம். பரமன் சிரிக்கவில்லை. ஒயருக்கு டேப் சுற்றிவிட்டு, அடுத்த நாள் அதே வளைவில் சூடம் காட்டினார். "அதான் ஒயருன்னு கண்டுபிடிச்சாச்சே மாப்ளே?" என்றேன். "ஒயர நான் பாத்தேன். கருப்ப நான் பாக்கல. பாக்காதவரப் போயி இல்லைன்னு எப்பிடி மாமா சொல்றது?" என்றார்.

அந்தப் பயத்தோடுதான் ஆயுத பூசை வந்தது. மோட்டாரின் மூடியைத் திறந்து, விபூதியைத் தண்ணீரில் குழைத்து, உள்ளே கைபடுகிற இடத்திலெல்லாம் பட்டை போட்டுக் குங்குமம் வைத்தார். தீப்பொறி கொடுக்கிற பிளக்குகள் இரண்டுக்கும் வெளியே தெரியும் பகுதி வெள்ளைப் பீங்கான். நெற்றிபோல இருக்கிறதே என்று அங்கே கொஞ்சம் தாராளமாகவே வைத்தார். நாங்கள் கும்பிட்டு மூடினோம்.

இரண்டு நாள் கழித்து விடாத சாரல். அணை நிரம்பி நின்றது. எதிர்க்கரையில் மீன் எடுக்கப் போயிருந்த பாண்டியம்மாளைக் கூடைகளோடு ஏற்றிக்கொண்டு திரும்பினோம். அணையின் ஷட்டர் திறக்கப்போவதாகச் சங்கு ஊதியது. கரை சேர நேரம் இருக்கிறது என்று போய்க்கொண்டிருக்கும்போதே மோட்டார் நின்றது. பட்டென்று.

நான் நங்கூரக் கல்லை இறக்கினேன். அடியெல்லாம் வண்டல், கல் பிடிக்கவில்லை. அது இழுபடுவது கயிறு வழியாக என் உள்ளங்கையில் தெரிந்தது. காற்றுக்குப் படகு மெல்ல ஷட்டர் பக்கம் திரும்பியது. பரமன் ஒரு பிளக்கைக் கழற்றினார். முனையில் பெட்ரோல் ஈரம், பெட்ரோல் வருகிறது. அதை மோட்டாரின் இரும்பில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு என்னை மோட்டார்க் கயிற்றை இழுக்கச் சொன்னார். நீலமாகப் பொறி தெறித்தது, கரண்டும் இருக்கிறது. திரும்ப மாட்டி இழுத்தால் மோட்டார் செத்ததுபோல் கிடந்தது.

"ரெண்டும் இருக்கு. பெறகு இதுக்கு என்னதான் வேணுமாம்?" அவர் குரல் உடைந்தது. ஷட்டர் ஏறும் சத்தம் கேட்டது. தண்ணீர் விழும் இரைச்சல் நெஞ்சுக்குள் வந்து அதிர்ந்தது.

"ஏலே பரமா, அழுகுறதக் கரையில போயி அழு" என்றாள் பாண்டியம்மாள்.

"மாமா, ஆத்தாவக் கூட்டிக்கிட்டுக் குதிச்சிருங்க. நீந்தத் தெரிஞ்சவுக போங்க. நான் இங்கன இருந்து பாக்கேன்" என்றார் பரமன்.

"எனக்கு எங்கிட்டுலே நீச்சத் தெரியும்? வேணும்னா கூடையக் குதிக்கச் சொல்லு!" என்று பாண்டியம்மாள் கத்தினாள்.

"வாய மூடிக்கிட்டு மோட்டாரப் பாருங்க மாப்ளே" என்றேன். நான் குதிப்பதாக இல்லை. தைரியத்தால் அல்ல. அந்த இரைச்சலில் என் கால் அசையவில்லை.

பரமன் கண்ணை மூடினார். பிறகு தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னார்: "வெளிய வச்சா சொகமாப் பொறி அடிக்கிது. உள்ள காத்து நெருக்கும், அடிக்கக் கஷ்டம். கஷ்டம்னா அது வேற வழியாத்தான் போகும். எந்த வழி?" மீன் மூடுகிற சாக்கை எடுத்துத் தன் தலையையும் மோட்டாரையும் சேர்த்து மூடிக்கொண்டார். இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "இழுங்க மாமா." இழுத்தேன். "இன்னொருக்கா."

பிறகு ஒரு கூச்சல். "பொட்டுல ஓடுது! மாமா, பொட்டுல ஓடுது!"

நானும் சாக்குக்குள் தலையை விட்டேன். வெளியே பாண்டியம்மாள் கயிற்றை இழுத்தாள். ஈரம் குடித்த விபூதிப் பட்டையின்மேல் நீலமாக ஒரு புழு நெளிந்து ஓடி இரும்பில் மறைந்தது. பிளக்கின் உள்ளே போக வேண்டிய பொறி, அவர் வைத்த பொட்டையே பாதையாக்கி வெளியே போய்க்கொண்டிருந்தது.

துடைக்க வேண்டும். எங்கள் துண்டு, வேட்டி, சாக்கு எல்லாம் நனைந்திருந்தன. பாண்டியம்மாள் திரும்பி நின்று இடுப்பிலிருந்து சுருக்குப் பையை உருவினாள். வெற்றிலை பாக்கைத் தண்ணீரில் கொட்டிவிட்டுப் பையை நீட்டினாள். படகில் உலர்ந்த துணி அது ஒன்றுதான். பரமன் பிளக்குகள் இரண்டையும் வெள்ளை வெளேரென்று தெரியும்வரை அழுத்தித் தேய்த்தார். ஷட்டர்களின் மேலே எழுதியிருந்த எண்கள் தெரிகிற தூரத்துக்குப் போய்விட்டோம். மூன்றாவது இழுப்பில் மோட்டார் பிடித்தது. நான் நங்கூரக் கயிற்றை அறுத்துவிட்டேன்.

கரை ஏறியதும் அவர் சகதியில் உட்கார்ந்துவிட்டார். பாண்டியம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டே, "சாமிக்குப் பொட்டு வையி, வேணாங்கல. மேல மூடின்னு ஒண்ணு இருக்குல்ல, அங்கன வையி. என் வெத்தலைக்கு என்ன வழி?" என்றாள். அப்போதுதான் அவர் சிரித்தார். அதன்பின் பொட்டு மூடியின்மேல்தான். ஆனால் ஒரு உலர்ந்த துணி பிளாஸ்டிக் உறைக்குள் சுருண்டு எப்போதும் அவர் இடுப்பில் இருந்தது.

அவரைப் பயந்தாங்கொள்ளி என்று நம்மில் பலர் கேலி செய்திருக்கிறோம். பயந்தவர்தான். பயந்துகொண்டே மூடியைத் திறந்து பார்ப்பார். நாம் பயப்படவில்லை, திறந்தும் பார்க்கவில்லை.

போன வருஷம் எனக்கு எழுத்து வந்ததும், நான் வெளியிடத்தில் முதலில் படித்தது கரையில் இருக்கும் அந்தப் போர்டைத்தான். பரமனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்து, "ஆ-ழ-மா-ன" என்று படித்து முடித்தேன். எனக்கு ஆட வேண்டும்போல இருந்தது. அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நல்ல வேள மாமா. இம்புட்டு நாளு தெரியாமயே நிம்மதியா இருந்துட்டீக. இனி ரெண்டு பேருமாப் பயப்படலாம்" என்றார்.

கருமாதி முடிந்த மறுநாள் படகுக்குப் புது ஆள் வந்திருந்தான். நான் போர்டின் முன் நின்று சத்தமாகப் படித்தேன். "காலங்காத்தால பயமுறுத்தாதீக பெருசு" என்று அவன் சிரித்தான். நான் மோட்டாரின் மூடியைத் திறந்து, பிளக்குகள் இரண்டையும் உலர்ந்த துணியால் துடைத்தேன். தண்ணீரைப் பார்த்தேன். வயிற்றைக் கலக்கியது. பரமனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதைத்தான்.

"இப்ப இழு" என்றேன்.

ஒரே இழுப்பில் பிடித்தது.